காலி அறையின் அறிக்கை

கூடியிருந்தவர்கள்: கம்பிக்காரர், அவர் மனைவி, மனைவியின் அக்கா, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள். இடம்: சமையலறை மேசை. நேரம்: திங்கள் மாலை ஏழு மணி. பூனையும் இருந்தது, பாதியில் எழுந்து போய்விட்டது.

இது கம்பிக்காரர் தயாரித்த அறிக்கையின் முதல் பக்கம். பூனையைப் பற்றிய வரி மட்டும் மகள் பென்சிலால் சேர்த்தது.

கம்பிக்காரர் என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். அங்கே நோயாளிகளுக்கு நரம்பில் ஏற்றும் உப்புநீர் பாட்டில்கள் தயாராகின்றன. நிரப்பி மூடிய பாட்டில்களை, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய இரும்புப் பெட்டிக்குள் அடுக்கி, நீராவியை விட்டு, நூற்றிருபத்தொரு டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்தால் கிருமிகள் சாகும். செத்ததா என்று யார் சொல்வது? பெட்டியின் முகப்பில் இருக்கும் முள் சொல்லும். அந்த முள்ளை நம்பாமல் இருப்பதற்குத்தான் கம்பிக்காரருக்குச் சம்பளம். பன்னிரண்டு வெப்பமானிக் கம்பிகளைப் பெட்டிக்குள் பன்னிரண்டு இடத்தில் கட்டி, ஒவ்வொரு இடமும் அந்தச் சூட்டைத் தொட்டதா, தொட்டு நின்றதா என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை தேறினால் போதாது. தொடர்ந்து மூன்று முறை தேற வேண்டும். இரண்டு தேறி மூன்றாவது தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து. இதற்கு அங்கே வேலிடேஷன் என்று பெயர்.

"எங்க வீட்டுக்காரரா? பத்தொம்பது வருஷமா கம்பி எண்ணிக்கிட்டிருக்கார்" என்று மனைவி தன் அலுவலகத்தில் சொல்வாள். கேட்பவர்கள் திடுக்கிட்டதும் சிரிப்பாள்.

வேலையை அவர் வாசலில் செருப்போடு கழற்றி வைப்பதில்லை. மகள் முதல் தடவை யாரும் பிடிக்காமல் சைக்கிள் ஓட்டிவிட்டு, "அப்பா, பாத்தியா?" என்று கத்தியபோது, "இன்னும் ரெண்டு ரவுண்டு வா, சொல்றேன்" என்றவர். மனைவி புதிதாக ஏதாவது சமைத்தால் மூன்றாவது முறைதான் நன்றாயிருக்கிறது என்பார். இரண்டாவது முறை உப்புக் கூடிவிட்டால் அந்தப் பண்டம் கோவிந்தா. வீட்டில் எல்லோரும் இதைச் சிரித்தபடி பொறுத்துக்கொண்டார்கள். அக்கா வருகிறவரை.

அக்கா பேக்கரியில் மாவு பிசைகிறவள். பதினேழு வயதில் தொடங்கி இப்போது ஐம்பத்தாறு. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, தங்கையின் படிப்பு மொத்தமும் அந்த மாவுத் தொட்டியிலிருந்துதான் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "மூணு மணிக்கு எந்திரிச்சுப் போறவளை எவன் கட்டுவான்? கட்டினாலும் அவன் எந்திரிக்கிறதுக்குள்ள நான் போயிருப்பேன். பாத்துக்கவே மாட்டோம். சண்டை இல்லாத குடும்பம்" என்பாள். அவள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்ததும் நான்கு மாதம் முன்பு தங்கை வீட்டுக்கு வந்தாள். பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். பத்தடிக்கு எட்டடி. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் முதுகுச் சுவர், நடுவில் ஒரு முழம் சந்து.

விடியுமுன் போகிறவள் பன்னிரண்டரைக்குத் திரும்பி, குளித்துவிட்டு, ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்குவாள். அந்த நேரம் வீட்டில் வேறு யாரும் இருப்பதில்லை. அவர் தொழிற்சாலையில், மனைவி அலுவலகத்தில், மகள் கல்லூரியில்.

மூன்று வாரம் முன்பு அக்கா சொன்னாள், "அந்த ரூம்ல தூக்கம் வரல. மூச்சு முட்டுது. யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்த மாதிரி. செவுரு மூச்சு விடுது."

"செவுரா?" என்றார் கம்பிக்காரர்.

"ஆமா. நான் மூச்சு விட முடியாமக் கிடக்கேன், அது நல்லா விடுது."

அவர் சிரிக்கவில்லை. தொழிற்சாலையில் அனுமதி கேட்டு, பழைய பதிவுக் கருவி ஒன்றையும் பன்னிரண்டு கம்பிகளையும் கொண்டுவந்தார். அதைக் குறை சொல்ல முடியாது. வேறு எந்தத் தங்கை புருஷன் இவ்வளவு மெனக்கெடுவான்? ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அறையை அளந்தார். திங்கட்கிழமை மாலை அறிக்கையை மேசையில் வைத்தார்.

"இங்க பாருங்கக்கா. மேல நாலு கம்பி, நடுவுல நாலு, தரையோரம் நாலு. அதிகபட்சம் இருபத்தாறு டிகிரி. குறைஞ்சது இருபத்திநாலு. ஈரமும் பாத்தாச்சு. ஒரு கோடு கூட மேல ஏறல. சொல்லப்போனா இந்த வீட்லயே நல்ல ரூம் அதான்."

அக்கா ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தாள். ரொட்டி அவள் காலையில் பிசைந்தது.

"அப்படியா?"

"அப்படித்தான். பேப்பர் சொல்லுது."

"பேப்பருக்கு மூச்சு முட்டுமா மாப்ள?"

மகள் சூப்புக்குள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"நீங்க சொன்னதை மதிச்சுத்தானக்கா இவ்வளவும் பண்ணேன்?"

"மதிச்சுத்தான் என்னை நாள் பூரா ஹால்ல உக்கார வெச்சீங்க."

"ஆள் உள்ள இருந்தா அளவு கெட்டுப்போகும். உடம்புச் சூடு, மூச்சு, நடமாட்டம்..."

"நான் இருந்தா கெட்டுப்போற ரூம்ல நான் எப்படி மாப்ள இருக்குறது?"

அது கேள்வியாகவே அவருக்குப் படவில்லை, கேலியாகத்தான் பட்டது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து இருந்தது. 'முடிவை ஏற்றுக்கொண்டவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். பழக்கதோஷம்தான். அங்கே எந்த அறிக்கையும் இரண்டு கையெழுத்து இல்லாமல் முடியாது.

"அப்பா, வேணாம்" என்றாள் மகள்.

அக்கா விரலைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எழுத்துக் கூட்டி, நிதானமாக, தன் பெயரைக் கட்டத்துக்குள் எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவை மூடி, அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"ஏத்துக்கிட்டேன். ரூம்ல ஒண்ணும் இல்ல. அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு." இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தாள். "பேக்கரிக்குப் பின்னாடி பொம்பளைங்க ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. கேட்டு வெச்சிருக்கேன். வியாழக்கிழமை போறேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா..."

"சூப் ஆறுது, குடி."

பூனை எழுந்து போனது அப்போதுதான்.

மனைவிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். 'ம்' என்பாள். அன்றிரவிலிருந்து அவருக்குக் கிடைத்தது அது மட்டும்தான். கதவைப் பூட்டிட்டியா? ம். நாளைக்கு ஷிப்ட் மாத்திருக்காங்க. ம். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த 'ம்' ஒருமுறைதான் இரண்டு நாளுக்கு மேல் நீடித்திருக்கிறது.

பாத்திரம் துலக்கும்போது மகள் பக்கத்தில் வந்து துடைக்கும் துணியோடு நின்றாள்.

"அப்பா, பெரியம்மாவுக்கு வேணுங்கிறது என்ன தெரியுமா? வேலிடேஷன்."

"அதைத்தானடி பண்ணினேன்? பன்னெண்டு கம்பி போட்டு."

"ஐயோ, அது இல்ல. காலேஜ்ல நாங்க சொல்ற வேலிடேஷன் வேற. ஒருத்தங்க கஷ்டமா இருக்குன்னா, ஆமா, உனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்னு சொல்றது. அவ்வளவுதான்."

"சோதிக்காமயா?"

"சோதிக்காம."

"சோதிக்காம சொன்னா அதுக்குப் பேரு பொய்."

"நீ அம்மாவைக் கட்டிக்கும்போது மூணு தடவை ஓட்டிப் பாத்தியாப்பா?"

தட்டிலிருந்து நுரை வழிந்தது. "வாய் நீளுது உனக்கு" என்றார். பிறகு அவரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் பெண் சொன்னது அவருக்கு ஏறவில்லை. ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி வைத்திருக்கிறார்கள், அங்கே யாரையும் நம்பாதே என்று பொருள், இங்கே கேட்டதும் நம்பு என்று பொருள். இப்படிப் போனால் எந்தப் பாட்டிலை எந்த நோயாளி நம்பி ஏற்றிக்கொள்வான் என்று யோசித்தபடி தட்டைக் கவிழ்த்தார்.

புதன்கிழமை காலை, தொழிற்சாலையில் புதிதாக வந்திருந்த இரும்புப் பெட்டியின் முன்னால் அவரும் உற்பத்தி மேலாளரும் நின்றார்கள். மேலாளர் கெட்டவர் இல்லை. மாத முடிவு நெருங்கினால் எல்லோரையும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர், அவ்வளவுதான். புதுப் பெட்டியைக் காலியாக மூன்று முறை ஓட்டியிருந்தார்கள். மூன்றும் தேறியிருந்தன. பாட்டில் அடுக்கி ஓட்டும் மூன்று ஓட்டங்கள் பாக்கி.

"அண்ணே, காலி ஓட்டம் மூணும் பாஸ். ஒரு புள்ளி கூட அரை டிகிரி விலகல. கண்ணாடி மாதிரி இருக்கு கிராப். இதை வெச்சே கையெழுத்துப் போட்டா நாளைக்கே உற்பத்தி ஆரம்பிச்சிடலாம்."

"வெறும் பெட்டியைச் சுட வைக்கவா இதை வாங்கினோம்?"

"அப்படி இல்லண்ணே..."

"பாட்டில் அடுக்கினாத்தான சார் பெட்டி சுயரூபத்தைக் காட்டும்? நடு அடுக்குல, கீழ் வரிசையில, எட்டாவது பாட்டில். சுத்தியும் பாட்டில். அங்க சூடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? காலிப் பெட்டிக்கு அது தெரியுமா? எங்க கஷ்டமோ அங்க கம்பி வெக்கணும். எப்பக் கஷ்டமோ அப்ப ஓட்டணும். இது முதல் பாடம்."

"காலி ஓட்டமும் ஒரு ஓட்டந்தானண்ணே."

"அதையும் என்னைக்கு ஓட்டினீங்க? போன ஞாயித்துக்கிழமை. நான் இல்லாதப்ப. மத்த மெஷின் எல்லாம் நிறுத்திக் கிடக்கு, கொதிகலன் நீராவி மொத்தமும் இது ஒண்ணுக்கே. வேலை நாள்ல நாலு மெஷின் பங்கு போட்டுக்கும்போது ஓட்டிப் பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை, பக்கத்துல எதுவும் ஓடாதப்ப, உள்ள ஒண்ணையும் வெக்காம, காலியா..."

அங்கே நிறுத்தினார்.

மேலாளர் காத்திருந்தார். கம்பிக்காரர் பெட்டியின் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே தட்டுகள் காலியாக, சுத்தமாக, பளபளவென்று இருந்தன.

"என்னண்ணே? உடம்புக்கு எதாவது...?"

"கதவு" என்றார்.

"கதவு மூடித்தான் ஓட்டினோம்."

"நான் மூடல. கம்பி போகணும்னு நாலு விரக்கடை திறந்து வெச்சிருந்தேன்."

மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கம்பி நுழையத் தனித் துளை இருப்பதைக் காட்டினார். கம்பிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. பின்னறைக்குப் பின்னாலிருக்கும் கட்டடம் எது என்று மனசுக்குள் தெருவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். வலது பக்கம் திரும்பி, மறுபடியும் வலது. மருந்துக் கடை, சாவி போடுகிறவன், அப்புறம் லாண்டரி. அவரே தன் கோட்டைக் கொடுத்து வாங்குகிற லாண்டரி. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாகத் துணி உலர்த்தும் இயந்திரங்கள், முதுகைப் பின்சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். அவற்றின் புகைக்குழாய் எங்கே போகும்? சந்துக்குத்தான் போகும். ஒரு முழச் சந்து. கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கும், ஞாயிறு விடுமுறை என்று.

"செவுரு மூச்சு விடுது" என்றார் சத்தமாக.

"அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் மேலாளர்.

"போறேன். அரை நாள் லீவு. இதுக்குக் கையெழுத்துக் கிடையாது. நாளைக்கு முழு லோடு ஏத்தி வைங்க, கொதிகலன்ல எல்லா மெஷினையும் ஓட விடுங்க. அப்புறம் பாக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றே கால். ஹாலில் ஒரு பெட்டி, இரண்டு பை, கயிற்றால் சுருட்டிக் கட்டிய மெத்தை. அக்கா தரையில் உட்கார்ந்து கடைசிப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலை ஈரமாக இருந்தது. முழங்கை வரைக்கும் பேக்கரி அடுப்பின் பழைய தழும்புகள், கோடு கோடாக.

"என்ன மாப்ள, இந்நேரத்துல? வேலையை விட்டுக் கம்பி நீட்டிட்டீங்களா?"

"அரை நாள் லீவு. அக்கா, நான் பண்ணின சோதனை தப்பு."

அவள் ஜிப்பை விட்டாள்.

அவர் நின்றபடியே சொன்னார். ஞாயிறு, காலி அறை, திறந்த கதவு, லாண்டரி, சந்து. மேலாளரிடம் சொன்னதையும் சொன்னார். கோர்வையாகத்தான் சொன்னார், அதில் அவர் கெட்டிக்காரர். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, முதல் பக்கத்தின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"சரி. இப்ப என்ன?"

"இப்பவே பாத்துடலாம். வேலை நாள், மெஷின் ஓடுது, உங்க நேரம். நானே உள்ள போய்ப் படுக்குறேன். கம்பி கிம்பி ஒண்ணும் கிடையாது. நாலு மணி வரைக்கும்."

"படுத்து?"

"மூச்சு முட்டுதான்னு பாக்குறேன்."

"முட்டினா?"

"நீங்க சொன்னது சரின்னு ஆயிடும்."

"முட்டலேன்னா?"

அவர் கண் கையிலிருந்த அறிக்கைக்குப் போனது.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. மாவில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னைக்குக் கம்பிய நம்புனீங்க. இன்னைக்கு உங்க மூக்கை நம்பப் போறீங்க. என்னைய எப்ப? நான் நாப்பது வருஷமா மாவு பிசையிறேன் மாப்ள. கை வெச்சா ஈரம் தெரியும், சூடு தெரியும். அடுப்புக்குள்ள எந்த மூலை காயுது, எந்த மூலை காயலன்னு கதவைத் திறக்காமச் சொல்வேன். முதலாளி வந்து எனக்கு மேல ஒரு மெஷினை வெச்சதில்ல. ரூம்ல சூடுன்னா அது எனக்குத் தெரியாதா? இதைச் சொல்லத்தான் உங்க தங்கக் கம்பியெல்லாம் வரணுமா?"

"பின்ன என்ன பண்ணட்டும்? சொல்லுங்க."

"முதல்ல ஒத்துக்குங்க. அப்புறம் உள்ள போங்க."

இது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. ஓட்டம் தொடங்குமுன் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டான் என்பதற்காகத்தான் அவருடைய பழைய கூட்டாளியை ஒரே நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதற்குச் சாட்சி சொன்னவர் இவர். இத்தனை வருடத்தில் ஒரு நாள் கூட அந்தக் காரியத்தைச் செய்ததில்லை. ஹாலின் நடுவே, மெத்தைச் சுருட்டுக்குப் பக்கத்தில், வேர்த்துப்போய் நின்றார். கடிகாரம் ஓடியது. அக்கா அவசரப்படுத்தவில்லை. மாவு பொங்கக் காத்திருந்து பழகியவள்.

"அந்த ரூம்ல மூச்சு முட்டும்" என்றார் கடைசியில். சொற்கள் ஒவ்வொன்றாக, வழுக்குகிற தரையில் கால் வைப்பதுபோல வந்தன. "எனக்குத் தெரியாது. நான் பாக்கல. நீங்க சொல்றீங்க. அதனால முட்டும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"மூச்சு முட்டும்."

"மூணாவது?"

"அக்கா!"

"மூணு தடவை தேறணுமில்ல? உங்க சட்டந்தான."

"முட்டும்" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. தரையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது, துடைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாள்.

"எங்க ரூம் பகல் பூரா காலியாத்தான கிடக்கு" என்றார் அவர். "நாங்க ரெண்டு பேரும் ஆறு மணிக்கு முன்னாடி வர்றதில்ல. தெருப் பக்கம் ஜன்னல் வேற. நீங்க அங்க படுங்க. இது இவ்வளவு நாள் எங்க மண்டைக்கு ஏறல."

"தங்கச்சி கட்டில்ல நான் எப்படி..."

"அந்தக் கட்டிலே நீங்க வாங்கிக் கொடுத்ததுதான?"

எழுந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சரி. அதான் ஒத்துக்கிட்டீங்களே, இனிமே நீங்க உள்ள போய் என்ன பண்ணப் போறீங்க?"

"லீவு போட்டுட்டு வந்துட்டேன். போய்ப் படுக்குறேன். நீங்க சொன்னப்புறமும் மூணு வாரம் படுத்தீங்க, நான் மூணு மணி நேரம் படுத்தா என்ன? லாண்டரிக்காரன்கிட்ட குழாயைத் திருப்பச் சொல்லணும்னா நானும் பட்டுட்டுப் போய்ச் சொல்றதுதான் நல்லது."

பின்னறைக்குள் போனார். ஜன்னலைத் திறந்தார். சந்திலிருந்து சோப்பு மணத்தோடு ஈரச் சூடு முகத்தில் அடித்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"இருங்க, இருங்க" என்று அக்காவின் குரல் கேட்டது. பெட்டி ஒன்று தரையில் தேய்ந்துகொண்டு வந்து வாசலைத் தாண்டி உள்ளே விழுந்தது. பின்னாலேயே ஒரு பை. இன்னொரு பை. கடைசியாக மெத்தையைக் காலால் உருட்டிவிட்டாள். அது வந்து அவர் முழங்காலில் முட்டி நின்றது.

"என்னக்கா இதெல்லாம்?"

"காலி ரூம்ல ஓட்டினாச் செல்லாதுன்னீங்க. லோடு." கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுப்புக்குள் தட்டு வைத்துவிட்டுப் பார்க்கிற பார்வை. "நான் போய் அந்த ரூம்ல தூங்குறேன். அசந்துட்டேன்னா உங்க பொண்டாட்டி வந்து திறப்பா. ஆறு மணிக்கு."

"நாலு மணின்னு..."

"ஓடும்போது திறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீங்க? உக்காந்து கம்பி எண்ணுங்க மாப்ள."

கதவைச் சாத்தினாள். அது பழைய கதவு, தாழ் போடாவிட்டால் தானாகத் திறந்துகொள்ளும். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சம் யோசித்தமாதிரி ஓர் இடைவெளி. பிறகு சாவியும் திரும்பியது.